பாசம் பாலிசி ஆகாது

பணி ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகனோடோ மகளோடோ போய்த் தங்கிவிடுவது தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் இன்று சாதாரணமாகிவிட்டது. அதற்கான ஆயத்தம் மாதக்கணக்கில் நடக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுவதா பூட்டி வைப்பதா, சாவி யாரிடம் இருப்பது, ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றை அங்கிருந்து எப்படிக் கொடுப்பது, ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுகிறார்கள். மருத்துவம் என்று வரும்போது மட்டும் பேச்சு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "பையன் அங்கதானே இருக்கான், அவன் பாத்துக்குவான்." சொன்னவருக்கும் திருப்தி, கேட்டவருக்கும் திருப்தி.

இந்த ஒரு வரிக்குள் நான்கு நம்பிக்கைகள் அடங்கியிருக்கின்றன. டாலரில் சம்பாதிக்கும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பொருட்டல்ல என்பது முதலாவது. கிளம்பும்போது ஒரு டிராவல் இன்சூரன்ஸ் போட்டால் போதும், கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டால் அந்த நாட்டு அரசே பார்த்துக்கொள்ளும் என்பது இரண்டாவது. இனி ஊரில் இருக்கப்போவதில்லை என்பதால் இங்கே கட்டிவரும் மருத்துவ பாலிசி வீண் செலவு என்பது மூன்றாவது. எல்லாம் மீறிப் பெரிதாக ஏதாவது வந்தால் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிடலாம் என்பது நான்காவது. நான்குமே தவறு. அறுபதைத் தாண்டியவர் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டில் வாழப் போகிறார் என்றால், மருத்துவ ஏற்பாடுதான் அவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு. விசாவும் டிக்கெட்டும் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

பெற்றோர் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பூட்டிய கதவுக்குள் இரண்டு முதியவர்கள் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் வீடுகள் நம் ஊர்களில் தெருவுக்கு நான்கு இருக்கின்றன. பேரப்பிள்ளைகளோடு இருப்பது அவர்களுக்கு மருந்தைவிட மேலானது என்பதை மறுக்க மாட்டேன். மேற்கண்ட நம்பிக்கைகளைப் பேசுபவர்களும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் பாசத்தைக் காரணம் காட்டிக் கேள்வி கேட்காமல் இருப்பதன் விலையைக் கடைசியில் அந்த முதியவர்களின் உடம்புதான் கொடுக்கிறது. அதனால்தான் இந்தக் கருத்தை மென்மையாக ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை.

முதல் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் குழு மருத்துவக் காப்பீட்டில் அப்பா அம்மாவையும் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பெங்களூரிலோ சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலோ வேலை பார்த்த மகனின் கம்பெனி கார்டைக் காட்டி அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்திருக்கும். அதே மகன் டல்லாஸுக்கோ நியூஜெர்சிக்கோ போன பிறகும் குடும்பம் அதே நினைப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வேலை தரும் நிறுவனத்தின் காப்பீடு ஊழியருக்கும் துணைவருக்கும் 26 வயது வரையிலான பிள்ளைகளுக்கும்தான். பெற்றோருக்கு அதில் பொதுவாக இடமே கிடையாது. மகன் எவ்வளவு பெரிய கம்பெனியில் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், அவருடைய காப்பீட்டு அட்டை அப்பாவின் நெஞ்சுவலிக்குப் பயன்படாது.

"அட்டை இல்லாவிட்டால் என்ன, கையிலிருந்து கட்டிவிடுவான்" என்பார்கள். நெஞ்சுவலியோடு அமெரிக்க மருத்துவமனையில் சேர்ந்து, ஆஞ்சியோ செய்து, ஸ்டென்ட் வைத்து, மூன்று நான்கு நாள் தங்கி வந்தால் பில் பல பத்தாயிரம் டாலருக்குப் போகும். சிக்கல் கூடினால் லட்சத்தைத் தாண்டும். அங்கே 1986-இல் வந்த ஒரு சட்டம், அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும் பணம் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது, பரிசோதித்து ஆபத்தைத் தணிக்க வேண்டும் என்கிறது. இதைக் கேள்விப்பட்டவர்கள் அவசரச் சிகிச்சை இலவசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிகிச்சை மறுக்கப்படாது என்பதுதான் சட்டம் தரும் உறுதி. பில் பின்னாலேயே வரும். ஆபத்து தணிந்த பிறகு தேவைப்படும் தொடர் சிகிச்சைக்கு அந்தச் சட்டம் பொறுப்பும் ஏற்காது. வீட்டுக் கடன், குழந்தைகள் படிப்பு, அடுத்த ஆட்குறைப்பில் தன் பெயர் இருக்குமோ என்ற பயம் எல்லாவற்றோடும் வாழும் ஒரு பிள்ளையின் தலையில் அந்த பில்லும் ஏறும். அதைப் பார்க்கும் தகப்பன் அடுத்த முறை நெஞ்சு வலித்தால் வாயைத் திறக்க மாட்டார். எனக்குப் பெரிய அச்சம் இதுதான். செலவுக்குப் பயந்து வலியை மறைக்கும் முதியவருக்கு, நல்ல மருத்துவமனை பத்து நிமிடத் தூரத்தில் இருந்தும் பயனில்லை.

அடுத்து டிராவல் இன்சூரன்ஸ். அறுபத்தெட்டு வயது, பத்து வருடமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டென்ட். நம் வீடுகளில் இப்படி ஒருவர் இல்லாத வீடு குறைவு. அவருக்காக வாங்கிய பாலிசியை மேசையில் விரித்து வைத்துப் படியுங்கள். முதல் பக்கத்தில் 50,000 டாலர், 1 லட்சம் டாலர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்தத் தொகை யாருக்கு, எதற்கு, எப்போது என்பது உள்ளே போகப் போகத்தான் தெரியும். ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவு கிடையாது என்று ஒரு பிரிவு இருக்கும். அந்த நோய் திடீரென்று தீவிரமானால் மட்டும் தருவோம் என்று அதற்கொரு விலக்கு இருக்கும். அந்த விலக்குக்கும் வயது வரம்பு உண்டு. எழுபதைத் தாண்டினால் பல பாலிசிகளில் தொகை சுருங்கும், சிலவற்றில் அந்தப் பிரிவே இருக்காது. அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கிறது. "காலையில இருந்து ஒரு மாதிரியா இருக்கு, வாயுவா இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாம் நாள் சொன்னால் கிளெய்ம் நிற்காது.

இன்னொரு வகை பாலிசியில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு நிர்ணயத் தொகை எழுதியிருக்கும். ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு இவ்வளவு என்று. மருத்துவமனை அதைவிடப் பத்து மடங்கு கேட்டாலும் காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையோடு நிறுத்திக்கொள்ளும். பிரீமியம் குறைவு என்பதால் பெற்றோருக்குப் பலர் இந்த வகையை வாங்கிவிடுகிறார்கள். இந்தியாவில் விற்கப்படும் வெளிநாட்டுப் பயண பாலிசிகளும் பெரும்பாலும் 180 நாளுக்குள் போய்வரும் பயணிக்காக எழுதப்பட்டவை. சுற்றுலாப் பயணிக்கான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஒருவர் தன் முதுமையை நடத்த முடியாது.

கனடா விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பெற்றோருக்கான சூப்பர் விசாவை அந்த நாடு 2011 இறுதியில் கொண்டுவந்தது. 2022 முதல் ஒரே முறையில் 5 ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு இருந்தால்தான் விசா. இதுவரை நல்ல விதி. ஆனால் அங்கே விற்கும் பல பாலிசிகள், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தர வேண்டுமானால் அந்த நோய் பயணத்துக்கு முந்தைய 90 நாளோ 180 நாளோ நிலையாக இருந்திருக்க வேண்டும் என்கின்றன. மருந்தின் அளவை மாற்றினாலே நிலை மாறியதாகக் கணக்கு. கிளம்புவதற்கு முந்தைய மாதம் குடும்ப டாக்டரைப் பார்க்கப் போகிறார் அப்பா. டாக்டர் அக்கறையாக அழுத்தத்தைப் பார்த்து, 40 மில்லிகிராம் மாத்திரையை 80 ஆக்கி எழுதுகிறார். நல்ல சிகிச்சைதான். ஆனால் அந்தச் சீட்டின் தேதி, டொரண்டோவில் வரப்போகும் ஒரு பக்கவாதத்துக்கான கிளெய்மைத் தள்ளுபடி செய்யப் போதுமானதாகிவிடலாம். இந்த விதி தெரிந்த குடும்பம் மருந்து மாற்றத்தை முன்பே செய்து முடித்திருக்கும், அல்லது பயணத்தைச் சில மாதம் தள்ளியிருக்கும். "அவன் பாத்துக்குவான்" என்று விட்ட குடும்பத்துக்கு இப்படி ஒரு விதி இருப்பதே ஆஸ்பத்திரி பில் வந்த பிறகுதான் தெரியும்.

"அதெல்லாம் விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு. கிரீன் கார்டு வந்தால் மெடிகேர் உண்டே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மெடிகேர் 1965-இல் அமெரிக்கா தன் முதியவர்களுக்காகச் சட்டமாக்கிய திட்டம். வேலை செய்த காலமெல்லாம் அதற்கென்று வரி கட்டியவர்களுக்கு உரியது. கணவனோ மனைவியோ 10 ஆண்டு, அதாவது 40 காலாண்டு, அங்கே வேலை செய்து வரி கட்டியிருந்தால் மருத்துவமனைப் பகுதிக்குப் பிரீமியம் இல்லை. மதுரையில் முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தது அந்தக் கணக்கில் வராது. மகன் கட்டிய வரியும் பெற்றோர் கணக்கில் ஏறாது. நம் பெற்றோர் 65 வயதைத் தாண்டி, நிரந்தர வசிப்புரிமை பெற்று, 5 ஆண்டு தொடர்ந்து அங்கே வசித்த பிறகு விலை கொடுத்துத்தான் மெடிகேரை வாங்க முடியும். 2025-ஆம் ஆண்டுக்கான விலை, மருத்துவமனைப் பகுதிக்கு மாதம் 518 டாலர், மருத்துவர் பகுதிக்கு மாதம் 185 டாலர். இருவருக்கும் சேர்த்து மாதம் 1,400 டாலருக்கு மேல். தகுதி வந்தவுடன் சேராமல் தாமதித்தால் மருத்துவர் பகுதிக்கு ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10 சதவீதம் கூடுதல், அதுவும் ஆயுள் முழுக்க.

அந்த முதல் 5 ஆண்டில் என்ன செய்வது? பதில் இருக்கிறது, அதை யாரும் தேடுவதில்லை என்பதுதான் வருத்தம். ஒபாமா காலத்தில், 2010-இல் வந்த சட்டத்தின்படி, ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லிக் காப்பீடு மறுப்பது 2014 முதல் அங்கே செல்லாது. கிரீன் கார்டோடு வந்திறங்கும் 70 வயதுக்காரரும் அந்தச் சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தையில் முழுமையான பாலிசி வாங்கலாம். ஆனால் தகுதி வந்த 60 நாளுக்குள் சேர வேண்டும். தவறினால் ஆண்டு இறுதியில் திறக்கும் பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். ஜெட்லாக் தெளிந்து, உறவினர் வீடுகளுக்குப் போய் வந்து, நயாகரா பார்த்துத் திரும்புவதற்குள் 60 நாள் போய்விடும். முன்பு வருமானம் மிகக் குறைந்த புதுக் குடியேறிகளுக்கு இந்தப் பிரீமியத்தில் அரசு மானியம் கிடைத்தது. 2025-இல் இயற்றப்பட்ட சட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் வருமானம் உள்ளவர்களுக்கு அதை 2026 முதல் நிறுத்திவிட்டது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டுக்கோ 1996 முதலே பொதுவாக 5 ஆண்டுத் தடை இருக்கிறது. பெற்றோரை அழைக்கும்போது பிள்ளை அரசுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி, அவர்கள் அரசுக்குப் பாரமாகாமல் பார்த்துக்கொள்வேன் என்பதுதான். அது பெற்றோர் குடியுரிமை பெறும் வரையோ 40 காலாண்டு வேலை செய்யும் வரையோ பிள்ளையைக் கட்டுப்படுத்தும். ஆக, அரசு பார்த்துக்கொள்ளும் என்று இங்கே ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கும்போது, பார்த்துக்கொள்ள மாட்டோம் என்பதை அந்த அரசு கையெழுத்து வாங்கியே உறுதி செய்துவிட்டது.

மற்ற நாடுகளும் இப்படித்தான். பிரிட்டன் 2012 முதல், அன்றாடத் தேவைகளுக்கே பிறர் உதவி வேண்டிய நிலையில் இருந்து, அந்த உதவி சொந்த நாட்டில் எவ்வகையிலும் கிடைக்காது என்று நிரூபிக்கும் பெற்றோருக்கு மட்டுமே குடியேற வழி விட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தற்காலிகப் பெற்றோர் விசாவில் போகிறவர் சொந்தமாகக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். நீண்டகாலப் பாஸில் மகளோடு இருக்கும் அம்மாவுக்கு அது கிடையாது, மானியமும் கிடையாது. கனடாவில் நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பெற்றோரை மாகாண மருத்துவத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த வாய்ப்பு குலுக்கலில் தேர்வாகும் சிலருக்குத்தான், அதற்கும் பிள்ளை 20 ஆண்டுப் பொறுப்பேற்று ஒப்பந்தம் எழுத வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்பது மட்டும் எங்கும் மாறவில்லை.

மூன்றாவது நம்பிக்கைதான் அதிகக் கேடு செய்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும்போது, பதினைந்து வருடம் கட்டிவந்த பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வருடத்துக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் எதற்கு வீணாக என்று கேட்கிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது அந்த வருடத்துப் பிரீமியத்தை மட்டுமல்ல. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி, 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசியில் மோசடியைத் தவிர வேறு காரணம் காட்டி, பழைய நோயை மறைத்தாய் என்று கிளெய்மை மறுக்க முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. பழைய பாலிசிதாரர் அதை எப்போதோ கடந்துவிட்டார். பாலிசி விட்டுப்போனால் இரண்டும் போய்விடும். எழுபது வயதில் திரும்பி வந்து புதிதாக வாங்கப் போனால் மருத்துவப் பரிசோதனை, கூடுதல் பிரீமியம், மீண்டும் காத்திருப்பு. 65 வயது உச்சவரம்பை ஆணையம் நீக்கிவிட்டது உண்மை. அதற்காக ஸ்டென்ட் வைத்த ஒருவரை எல்லா நிறுவனமும் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்று பொருள் இல்லை.

திரும்பி வரமாட்டார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? பனிக்காலம் தாங்காமல் வருகிறார்கள், கல்யாணத்துக்கு வருகிறார்கள், துணையை இழந்த பிறகு ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்று வருகிறார்கள். மெடிகேர் வாங்கியவருக்கும் இது பொருந்தும். அமெரிக்க எல்லைக்கு வெளியே மெடிகேர் அனேகமாக எதற்கும் பணம் தராது. கும்பகோணத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த அட்டையை யாரிடமும் காட்ட முடியாது. இங்குள்ள பாலிசியோ வெளிநாட்டில் வசிப்பவருக்கும் தொடரும். முகவரி மாற்றத்தை நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, வங்கியில் தானாகக் கழியும்படி செய்துவிட்டால் போதும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தவும் முடியாது. அரசு ஓய்வூதியர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஓய்வூதியத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்து தரப்படும் காப்பீடும் மத்திய அரசின் சிஜிஎச்எஸ் வசதியும் இங்குள்ள மருத்துவமனைகளுக்கானவை, கடல் தாண்டி வராது. வெளிநாட்டில் அவர்களும் மற்றவர்களைப் போலத்தான்.

"பெரிசா ஏதாவது வந்தா ஊருக்குக் கூட்டிட்டு வந்துடலாம்" என்ற நான்காவது நம்பிக்கை, விமானம் நோயாளிகளையும் அப்படியே ஏற்றிக்கொள்ளும் என்று எண்ணுகிறது. சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் நேரடி விமானம் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ மாறி, இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம். மாரடைப்போ பக்கவாதமோ பெரிய அறுவைச் சிகிச்சையோ ஆன ஒருவரை ஏற்றிக்கொள்ள விமான நிறுவனம் மருத்துவச் சான்று கேட்கும். சிகிச்சை அளித்த டாக்டர் படிவத்தை நிரப்பித் தர வேண்டும், நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு சம்மதிக்க வேண்டும். படுத்த நிலையில் வர வேண்டுமானால் பல இருக்கைகளுக்கான கட்டணம், கூடவே ஒரு மருத்துவரோ செவிலியரோ. தனி ஏர் ஆம்புலன்ஸ் என்றால் செலவு கோடி ரூபாயைத் தாண்டும். பயணத்துக்கு உகந்த நிலை வரும் வரை அந்த நாட்டு மருத்துவமனையில்தான் கிடக்க வேண்டும். செலவு ஏறுவதும் அந்த நாட்களில்தான். முன்கூட்டியே திட்டமிடக்கூடிய முழங்கால் மாற்று, கண்புரை, பல் சிகிச்சை போன்றவற்றுக்கு ஊருக்கு வருவது நல்ல யோசனை. இடி விழுந்ததுபோல் வரும் நோய்க்கு அது வழியாகாது.

பணத்தை விட்டுவிட்டு மருந்துக்கு வருவோம், ஏனென்றால் முதியவரின் ஒவ்வொரு நாளும் அந்த மாத்திரை டப்பாவில்தான் தொடங்குகிறது. அப்பாவின் டப்பாவைத் திறந்து அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால், பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயரும் அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் இருக்கும். சர்க்கரைக்குக் கிளிக்லசைடு, வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், வோக்ளிபோஸ், அழுத்தத்துக்குச் சில்னிடிபின், ரத்தம் உறையாமலிருக்க அசினோகூமரால். நம் மருந்துக்கடைகளில் தினமும் விற்கும் இந்த ஆறும் அமெரிக்க மருந்துக்கடையில் கிடைக்காது; அங்கே அவற்றுக்கு அங்கீகாரமே இல்லை. கொண்டுபோன மூன்று மாத மாத்திரை தீர்ந்ததும், டாக்டரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை மாற்றுவது வீட்டில் உட்கார்ந்து செய்யும் காரியம் அல்ல. ரத்தப் பரிசோதனையோடு நிதானமாகச் செய்ய வேண்டியது. இதை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன், நம்மை அறிந்த டாக்டர் கண்காணிப்பில் மாற்றிக்கொண்டு போனால் எவ்வளவு நல்லது! அப்படிச் செய்யாத வீடுகளில், தீர்ந்துபோகாமல் இருக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது நடக்கிறது, பிள்ளைக்கும் தெரியாமல்.

இன்னொன்றை எந்தக் காப்பீடும் தராது. முதுமையில் மருத்துவமனைப் படுக்கையைவிட அதிகமாகத் தேவைப்படுவது அன்றாடப் பராமரிப்பு: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, எழுப்பி உட்கார வைப்பது, மறதி நோய் வந்தவரை இரவில் கண்விழித்துக் காப்பது. மெடிகேர் இப்படிப்பட்ட நீண்டகாலப் பராமரிப்புக்குப் பணம் தருவதில்லை. வழக்கமான பல் சிகிச்சை, கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவையும் அடிப்படை மெடிகேரில் இல்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்தப் பராமரிப்பை யார் செய்வது என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பெரும்பாலும் அது மருமகள் தலையிலோ மகள் தலையிலோ விழுகிறது, அவள் சம்மதத்தைக் கேட்காமலேயே. மருத்துவ ஏற்பாட்டைப் பற்றிய பேச்சில் அவளுக்கும் முதல் நாளிலிருந்தே இடம் வேண்டும்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களைப் பார்ப்போம். "இவ்வளவும் கணக்குப் பார்த்தால் பணக்காரர்கள் மட்டும்தான் பிள்ளையோடு வாழ முடியும்" என்பது ஒன்று. கணக்குப் பார்க்காமல் போகிறவர்தான் ஒரே பில்லில் வீட்டை விற்கிறார். வசதி குறைந்த குடும்பத்துக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் தேவை. ஒரே மூச்சில் 5 ஆண்டு தங்குவதற்குப் பதில் 5 மாதம் போய் வருவது, நல்ல பாலிசியின் விலைக்கேற்பத் தங்கும் காலத்தைத் தீர்மானிப்பது, சிகிச்சைகளை முடித்துவிட்டுக் கிளம்புவது என்று வழிகள் உண்டு. "இங்கே உள்ள காப்பீட்டு நிறுவனங்களும் கிளெய்மை மறுக்கத்தானே செய்கின்றன" என்பது இன்னொன்று. மறுக்கின்றன. ஆனால் இங்கே ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அரசு மருத்துவமனைக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. அந்த மண்ணில் நமக்கு இவற்றில் எது இருக்கிறது?

"கிளம்பும் நேரத்தில் நோய், சாவு என்று அபசகுனமாகப் பேசுவதா?" என்பது மூன்றாவது. நம்மில் பலரை ஊமையாக்கிவிடும் வாதம் இது. அதனால் அதிகம் துன்பப்படுவது அம்மாக்கள். பாலிசி எண் அப்பாவுக்குத் தெரியும், பணம் கட்டும் தேதி மகனுக்குத் தெரியும். அம்மாவுக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. அப்பா இல்லாமல் போனால், மொழி தெரியாத நாட்டில், சொந்த வருமானம் இல்லாமல், எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்றும் தெரியாமல் நிற்பவர் அவர். ஆஸ்பத்திரியில் தன் உடம்பைப் பற்றிப் பேசவும் அவருக்கு மகனோ மருமகனோ மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. சிறுநீர்ப் பிரச்சினையை மருமகனிடம் சொல்லக் கூசி வாய்மூடி இருந்துவிடுகிறார். அமெரிக்காவில் அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் கட்டணமில்லாமல் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தொலைபேசி வழியாகத் தமிழுக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்கலாம். அப்படிக் கேட்கலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சகுனம் பார்த்து மூடிவைத்த பேச்சு அவரைக் காப்பாற்றவில்லை.

ஆகவே விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள், பெற்றோரும் பிள்ளையும் மருமக்களும் நேரிலோ காணொளியிலோ உட்கார வேண்டும். போகும் நாட்டில் எந்தக் காப்பீடு, எத்தனை டாலர் வரை, ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன விதி என்பதைப் பாலிசியின் வாசகத்தையே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நோய்களை மறைக்காமல் எழுத வேண்டும். ஊர் பாலிசியைத் தொடர வேண்டும். கடைசி மூன்று வருட மருத்துவ அறிக்கைகளும், கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரில் எழுதிய சீட்டும் கையில் இருக்க வேண்டும். மருந்து மாற்றம், பல், கண், தடுப்பூசி எல்லாம் முன்பே முடிய வேண்டும். தான் பேச முடியாத நிலையில் யார் முடிவெடுப்பது, எதுவரை சிகிச்சை என்பதை முதியவரே எழுதித் தர வேண்டும். அந்தக் காகிதங்களின் ஒரு முழுப் பிரதி அம்மாவின் கையில், அவருக்குப் புரியும் தமிழில் குறிப்போடு இருக்க வேண்டும். இதற்கு ஒரு மாத உழைப்பு போதும்.

இந்த உழைப்பைப் பாசக்குறைவு என்று பார்க்கும் மனநிலையைத்தான் நாம் கைவிட வேண்டும். உழைத்து ஓய்ந்த ஒருவர், எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன ஏற்பாடு என்று சொந்தப் பிள்ளையிடம் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அது அவருடைய உரிமை. "நான் பாத்துக்கறேன்பா" என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. எந்த பாலிசி, எவ்வளவு தொகை, எந்த மருத்துவமனை, யார் பொறுப்பு என்று எழுத்தில் தருவதுதான் பதில். அந்தப் பதில் கையில் வராமல் எந்தப் பெற்றோரும் விமானம் ஏற வேண்டாம். அதைத் தயார் செய்யாமல் எந்தப் பிள்ளையும் டிக்கெட் அனுப்ப வேண்டாம்.